பின்பக்கம் மூன்று பை

ஓசூரிலிருந்து கொழுந்தன் மாயழகு
பார்சல் அனுப்பியிருந்தான்.
ஒரு சட்டை, ஒரு அரைக்கால் டவுசர்.
இரண்டும் பாம்பு உரித்துப்போட்டதுபோல்
வழுவழுவென்று.
'தெனமும் சைக்கிள் மிதிக்கிறீங்க மதினி,
இனிமே இதப் போட்டு மிதிங்க.'

விளாங்குடியிலிருந்து சிம்மக்கல்
போக ஆறு, வர ஆறு.
அதற்கு என் உடுப்பு
ஒரு நைலக்ஸ் சேலை,
கொசுவத்துக்கு ஒரு ஊக்கு,
இடுப்பில் செருகிய முந்திக்கு ஒன்று.
போன ஆடியில் செயின்கவர் கழன்று விழுந்ததிலிருந்து
செயின் தின்ற சேலை மூன்று.
ஓரமெல்லாம் கிரீஸ்.
உரமூட்டைக் கணக்கு எழுதுகிறவளின்
சேலை ஓரத்தை
யார் பார்க்கப்போகிறார்கள்.

விடியலில் அவர்களைப் பார்த்திருக்கிறேன்.
கிளிப்பச்சையில் ஏழெட்டுப் பேர்
பரவை தாண்டி, சோழவந்தான் தொட்டுத் திரும்பி
இட்லிக்கடையில் நிற்பார்கள்
உட்கார மாட்டார்கள்.
அவர்களுக்கு வேண்டியதுதான், பாவம்.
அரிசிச் சிப்பம் பின்னால் இருந்தால்
நானும்தான் உட்காருவதில்லை
பாலம் ஏறி முடிகிறவரை.

டவுசரை விரித்தோம்.
உட்காருமிடத்தில் குட்டி மெத்தை.
என் வீட்டுக்காரர்
சைக்கிளைத் தொட்டே பத்து வருஷம்.
ஒன்றும் பேசாமல் வாங்கி
வேட்டிக்குள் மாட்டிக்கொண்டு போனார்.
பத்திர ஆபீஸ் வாசலில்
மரப்பெட்டிமேல் குந்தி
ஊரார் நிலத்துக்கு நான்கெல்லை எழுதுகிறவர்.
சாயங்காலம் வந்து சொன்னார்:
'வலிக்காம எந்திரிச்சேன்டி இன்னைக்கு.'

சட்டையை ஒரேயொரு நாள் போட்டேன்
ஜாக்கெட்டுக்கு மேலே.
ஆரப்பாளையத்தில்
பஸ் ஜன்னல் அத்தனையும் திரும்பியது.
வேர்வை சீக்கிரம் காய்ந்தது, பொய் சொல்லக்கூடாது.
கூச்சம் காயவில்லை.

கழற்றும்போதுதான் கை பட்டது.
முதுகுப்பக்கம் மூன்று பை.
முப்பத்தெட்டு வருஷத்தில்
நான் உடுத்திய எதற்கும் பை இருந்ததில்லை.
சாவி இடுப்பில்,
காசு நெஞ்சுக்குள்,
வேகத்தடைக்கு வேகத்தடை
கூடையில் குதிக்கும் போன்.

கத்தரியை எடுத்தேன்.
பாவாடை நாடாவுக்குக் கீழே
வரிசையாய் மூன்றையும் வைத்துத் தைத்தேன்.
மிச்சத் துணி சீட்டுக்கு உறை.

ஞாயிற்றுக்கிழமை மாயழகு கேட்டான்
'போட்டுக்கிறீங்களா மதினி?'
'தெனமும்' என்றேன்.
போனை இரண்டாம் பையில் போட்ட பிறகுதான்
தோன்றியது,
ஒரு செயின்கவர்
கேட்டிருக்கலாம்.