காற்றழுத்தத் தாழ்வு

பெட்டிக்குள் விமானம் இல்லை.
இரண்டு வெள்ளைத் தகடுகள்.
போர்வைக்குள் படுத்திருப்பவன் முழங்கால் போல
அவற்றில் விமானம் புடைத்திருந்தது.
விசிறி இல்லை. மிதவைக் கால்கள் இல்லை.
அரைப் பக்கக் குறிப்பு, பாதி ஏதோ ஐரோப்பிய மொழி,
மீதியில் ஒரே வரி:
மற்றவற்றைத் தாங்களே செய்துகொள்க.

மயிலாடுதுறை, பட்டமங்கலத் தெரு,
உரக்கடைக்கு மேல்மாடியில்
பல் கட்டித் தரும் கூடம் என்னுடையது.
பகலெல்லாம் அடுத்தவர் வாய்.
ஒன்பது மணிக்கு மேல்
அதே மேசை, அதே விளக்கு,
எனக்கென்று ஒரு படகு விமானம்.

வெட்டுமுன் சுற்றிலும் பென்சில் கோடு.
கத்தியைச் சாய்த்து இரண்டு இழுப்பு,
மடக்கினால் டக்கென்று விட்டு வரும்.
அப்புறம் தேய்ப்பு.
கண்ணாடி மேல் உப்புத்தாள், அதன் மேல் தண்ணீர்,
எட்டுப் போட்டு எட்டுப் போட்டு
அரிசி களைந்த நீராய் வெள்ளை வழியும்.
கோட்டைத் தொட்டதும் நிறுத்த வேண்டும்.
கோடும் போய்விட்டால்
விமானத்தைத் தேய்த்துக்கொண்டிருக்கிறோம் என்று பொருள்.

இடது இறக்கையில் அதுதான் நடந்தது.
பின் ஓரம் தாளாகி, தாள் ஓட்டையாகி.
யாரோ வாங்க வராத பல்செட்டின் துண்டை வைத்து
ஒட்டுப் போட்டேன்.

ஐப்பசி. மழைக்கு நான்காம் நாள்.
தென்மேற்கு வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு.
பள்ளிகளுக்கு விடுமுறை, பற்களுக்கு இல்லை:
டாக்டர் ஹபீபுல்லா ஆள் அனுப்பிவிட்டார்,
ஞாயிறு கல்யாணம், மாப்பிள்ளைக்கு முன்பல்.

விமானி அறையின் மூடி
பெட்டியில் வந்தபோதே மஞ்சள்,
புகையிலை போடுகிறவர் பல் மாதிரி.
ஆனால் என்னிடம் இயந்திரம் இருக்கிறது.
தூக்கத்தில் பல்லை நறநறப்பவர்களுக்கு
உறை வார்க்கிற இயந்திரம்.
கல்மாவில் அச்சு செதுக்கினேன், கட்டைவிரல் அளவு.
தெளிந்த தகட்டைச் சூடு காட்டினால்
முதலில் சுருங்கும், பிறகு நடுங்கும்,
பிறகு தயிர்த்துணி போலத் தொங்கும்.
அந்த நொடியில் இறக்க வேண்டும்.
அந்த நொடியில் கரண்ட் போனது.

இரண்டாவது தகடும் அப்படியே.
மூன்றாவது, விடியற்காலை மூன்றரைக்கு.
இறக்கினேன். மோட்டார் உறிஞ்சியது.
அச்சின் ஒவ்வொரு சட்டத்தையும்
தகடு தானாகப் போய்த் தழுவிக்கொண்டது.
தள்ளியது இயந்திரமில்லை.
அடியில் காற்று இல்லை, அவ்வளவுதான்.
மேலே இருக்கும் வானம் முழுக்க வந்து அமுக்கியது.
வெளியே கடலும் இதே வேலையில் இருந்தது,
வேதாரண்யத்துக்கும் கடலூருக்கும் நடுவே
எதன் மேல் இறக்கலாம் என்று.

காலையில் தெருவில் முழங்கால் தண்ணீர்.
யூரியா மூட்டைகளை மேலே ஏற்ற வந்த செங்குட்டுவன்
மேசையைப் பார்த்தார்.
இது பறக்குமா?
பறக்காது.
மிதக்குமா?

ஏழு மாதமாய் எனக்குத் தோன்றவில்லை.

ஒழுகும் இடத்தில் வைத்திருந்த வாளியில்
வண்ணம் பூசாத வெள்ளை உடலை இறக்கினோம்.
மிதந்தது. லேசாக இடப்பக்கம் சாய்ந்து.
மெல்ல அமுக்கினேன்.
வயிற்று மூட்டில், வாலுக்குக் கொஞ்சம் முன்னால்,
கடுகு அளவு குமிழி ஒன்று.
இன்னொன்று.

குறித்து வைக்கப் பார்த்தேன்.
ஈரத்தில் பென்சில் எழுதவில்லை.
அவர் மூட்டை எடுக்கப் போய்விட்டார்.
நான் விரலை அந்த இடத்திலேயே வைத்துக்கொண்டு
நின்றிருந்தேன், கரண்ட் வரும்வரை.