இருவருக்கான காற்று

மார்கரீயில் ஹயசிந்த்
கழற்றிய டயர்களைச் சுவரில் சாய்த்து வைத்தான்.
நடுவெல்லாம் தட்டை. ஓரத்தில் மட்டும்
வாங்கிய நாளின் உருண்டை கொஞ்சம் மிச்சம்.
"நேரே போய் நேரே வந்திருக்கிறீர்கள்" என்றான்.

உண்மைதான். சிட்னிக்குப் பல் வைத்தியம்,
ஹாலிஃபாக்ஸில் மருமகளின் பிரசவம்,
வங்கி, மறுபடி பல்.
நேராகப் போவதற்கும் தேய்மானம் உண்டென்று
எனக்கு யாரும் சொன்னதில்லை.

புதியதில் ரப்பர் முடிகள்,
கன்றுக்குட்டியின் காதில் இருப்பதுபோல.
தடவினேன், வழுக்கியது.
"அச்சின் பிசுக்கு இன்னும் போகவில்லை.
நூறு கிலோமீட்டர் பொறுங்கள்.
சாய்க்காதீர்கள். சட்டென்று பிரேக் வேண்டாம்."
பணம் கொடுக்கும்போதும் சொன்னான்.

காற்றுக்குழாயைக் கையில் பிடித்தபடி கேட்டான்:
"ஒருவருக்கா, இருவருக்கா?"

இருவருக்கு
என்றது வாய்.

*

முதல் வளைவு, ஆற்றுப்பாலம் தாண்டி.
வழக்கம்போல் கைப்பிடியை அழுத்தினேன்,
வழக்கமான பலத்தோடு.
கேட்டு முடிப்பதற்குள் விழுந்தது வண்டி
முந்நூற்றெண்பது கிலோவும் ஒரு பக்கமாக.
அடிவயிற்றில் ஐஸ் கட்டி.

பழைய டயரில் ஒவ்வொரு திருப்பத்திலும்
ஒரு வாசற்படி இருந்தது.
தள்ளித் தள்ளித்தான் ஏற வேண்டும்.
நான்கு கோடைகளாக அதை
சாலையின் குணம் என்று நினைத்திருந்தேன்.

இப்போது விரல் போதும்.
விரல் கூட அதிகம்.

ஷெட்டிகாம்ப்பில் நண்டு ஆலையின் நாற்றம்.
ஆறு நாள் அதை நிறுத்துப் போடுகிறவள் நான்,
ஏழாம் நாளும் மூக்கைத் தேடி வருகிறது.
என் வீடும் வந்தது.
ஜன்னலில் லெயாந்த்ர், ஒரு கையில் கத்தி,
மறு கையில் காட் மீன்.
கத்தியை உயர்த்தி வழியனுப்பினார்.
நான் நிறுத்தவில்லை.

காலி இருக்கையைப் பார்த்துவிட்டு
என்னைப் பார்க்கிறார்கள் ஊரில்,
குரலைத் தாழ்த்துகிறார்கள்.
இல்லையம்மா, உயிரோடுதான் இருக்கிறார்.
போன அக்டோபரில் சூப் குடித்துக்கொண்டே சொன்னார்:
"எனக்குப் போதும், ஒதீல்.
இருபத்திரண்டு வருஷமாக
உன் ஹெல்மெட்டின் பின்பக்கம்தான் பார்த்திருக்கிறேன்."

எனக்குக் கோபம் வந்தது. யோசித்ததில்
அது சரியான கணக்குதான்.

*

ஃப்ரெஞ்ச் மலை ஏறுகையில்
தென்கிழக்குக் காற்று தோளால் இடித்தது.
கீழே கடல், தகரத்தை வளைத்ததுபோல்.
சாலையின் ஒவ்வொரு விரிசலையும்
பின்சக்கரம் முதுகெலும்பில் வாசித்தது.
முன்னது பரவாயில்லை. பின்னதுதான்
இல்லாத ஆளைத் தாங்க விறைத்து நின்றது.

உச்சியில் ஓரங்கட்டினேன்.
சூட்டில் அளந்தால் பொய் சொல்லும் என்பதால்
ரொட்டியில் வெண்ணெய் தடவித் தின்றேன்,
இன்னொன்றும் தின்றேன்,
மூடுபனி ஒரு பள்ளத்தை விழுங்கி முடித்தது.
தொட்டுப் பார்த்தேன்: கைச்சூட்டுக்குக் கீழே.

வால்வின் மூக்கை நகத்தால் அழுத்தினேன்.
உஸ்ஸ்.
நாற்பத்தொன்று.
முப்பத்தெட்டு.
முப்பத்தாறு.

லெயாந்த்ரின் எடை எண்பத்தொன்பது கிலோ.
காற்றுக் கணக்கில் ஐந்து பவுண்டு.
மூடியைத் திருகினேன்,
நழுவி விழுந்தது, புல்லில் தேடினேன்,
நீலப்பூவுக்குள் கிடந்தது.

குனிந்த இடத்திலிருந்து டயரைப் பார்த்தேன்.
நடுவில் சாம்பல் பூத்திருந்தது, சாலையைத் தொட்டதன் நிறம்.
ஓரங்களில் இன்னும் பளபளப்பு,
முடிகள் ஒன்றும் உதிரவில்லை.

போனில் கேட்டார்: "எப்படியிருக்கு?"
"வழுக்குது."
"மீன் பொரியுது. வந்துடுவியா?"

வீட்டுக்கு இருபது கிலோமீட்டர்.
ஹயசிந்தின் நூறுக்கு இன்னும் ஐம்பத்திரண்டு.
அதை அவரிடம் சொன்னேன்.
எண்ணெயின் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது.
"அப்ப ஆறிடும்" என்றார்.
"ஆறட்டும்" என்றேன்.

ப்ளெசன்ட் பே பக்கம்
முதல் வளைவு இடதுபுறம்.
விரலை வைத்தேன்.