சைபர் புள்ளி நாலு

ஜூனில் அழகாகத்தான் இருந்தது.
பிரின்ஸ் எட்வர்ட் தீவின் அந்தச் சின்ன ஆறு
கடலில் கலக்கும் வளைவு முழுக்க
கத்தரித்துப் போட்ட பட்டுத் துணி போலப் பச்சை.
கடல் லெட்டூஸ் என்கிறார்கள் இங்கே.
தின்னலாம் என்றாள் ஈவோன் ஆர்செனோ.
யாரும் தின்பதில்லை என்றும் சொன்னாள்.

நான் அவளிடம் கூண்டு புரட்டும் கூலியாள்.
நானூறு கூண்டு, கூண்டுக்கு இருநூறு சிப்பி.
மார்பு வரை ரப்பர் உடுப்பு.
வழித்து வழித்து நகக்கண்ணெல்லாம் பாசி.
ஜூலையில் அது இடுப்புக்கு வந்தது.
அடியில் கடற்புல் இருந்த இடம்
பியூஸ் போன வீடாயிற்று.
புல்லுக்குள் வளர்ந்த குஞ்சு மீன்கள்
எந்தப் பக்கம் குடிபெயர்ந்தன,
விசாரிக்க ஆளில்லை.

பகலெல்லாம் பாசி
தண்ணீருக்கு மூச்சுக் கடன் கொடுக்கும்.
இருட்டியதும் திருப்பிக் கேட்கும்,
கந்துவட்டிக்காரனாக,
கொடுத்ததற்கும் மேலே.
விடிகாலை நாலரைக்கு
ஈவோன் மீட்டர் கம்பியை இறக்குவாள்.
எண்ணை வாய்விட்டுச் சொல்லமாட்டாள்.
படகின் விளிம்பில் பென்சிலால் எழுதுவாள்:
5.1
3
2.6

பிறகு காற்றே இல்லாத ஒரு வாரம்.
மேலடுக்குப் பாசி வெந்து வெளுத்தது.
அழுகிய முட்டை நாற்றம்
தேவாலயம் வரை நடந்துபோய்
ஜன்னல்களைச் சாத்த வைத்தது.
என் வெள்ளிக் காப்பு இரண்டே நாளில் கறுத்தது.
தண்ணீர் பால் நிறம் என்றார்கள்.
பால் இல்லை,
அரிசி களைந்த இரண்டாம் கழுநீர்.

வியாழக்கிழமை
நண்டுகள் கூண்டுகளின் மேல் ஏறி நின்றன,
தீபாவளிக்கு முந்தின இரவு
பேருந்துக்கு முண்டும் கூட்டமாய்.
ஒரு விலாங்கு சேற்றை விட்டுக் கிளம்பி
கரைப்புல்லில் வளைந்து கிடந்தது.
பொடி மீன்கள் நீர்மட்டத்தை முட்டி முட்டி
வாயைத் திறந்தன.
நாரைக்குக் கல்யாணச் சாப்பாடு.
மூன்றாம் நாள் நாரையும் வரவில்லை.

சிப்பிக்கு ஓடத் தெரியாது.
வாயை மூடிக்கொள்ளும்,
அதற்குத் தெரிந்த ஒரே தந்திரம் அது.
எத்தனை நாள்?
சனிக்கிழமை நான் தூக்கிய கூண்டில்
ஒன்று பாக்கியில்லாமல் திறந்திருந்தன.
ஈவோன் ஒன்றை எடுத்து
இரண்டு விரலால் மூடினாள்.
விட்டதும் திறந்துகொண்டது.
மறுபடி மூடினாள்.
"சைபர் புள்ளி நாலு" என்றாள்,
சிப்பியிடம் சொல்வதுபோல.

ஆற்றோடு மேலே போனால் உருளைக்கிழங்கு வயல்.
வரி வரியாய்ச் செம்மண், அதில் வெள்ளைப் பூ.
மழை பெய்தால் உரம் இறங்கி வரும்,
யாரிடமும் வழி கேட்காமல்.
வயல்காரர் பொல்லாதவர் இல்லை.
மே மாதம் எங்கள் வண்டி சேற்றில் புதைந்தபோது
டிராக்டரோடு வந்து இழுத்துவிட்டவர்,
காசு வாங்கவில்லை.

என்னோடு வாடகை பகிரும் அமுதினிக்கு
ஃப்ரைஸ் ஆலையில் வேலை.
சனிக்கிழமைகளில்
உடைந்த துண்டுகள் ஒரு பை கொண்டுவருவாள்.
அன்றும் வறுத்தாள், மிளகாய்த்தூள் தூவி.
"கையக் கழுவிட்டு வா, நாறுது."
மூன்று தரம் கழுவினேன்.
தின்றேன்.
நன்றாகத்தான் இருந்தது.
இன்னும் கொஞ்சம் போட்டுக்கொண்டேன்.

ஞாயிறு நாலரைக்கு அலாரம் அடித்தது.
அணைத்தேன்.
புரட்ட எதுவும் இல்லை.
ஜன்னல் சாத்தித்தான் இருந்தது.