எடையில்லாத பைகள்

செவ்வாய் மாலை ஐந்தரைக்கு
நால்வருக்கும் ஊசி ஏறிவிடும்.
ஒன்பதரை வரை எங்கும் போக வழியில்லை.
டண்டீ ஆஸ்பத்திரியின் இந்த அறையில்
ரத்தம் வெளியே போய்க் குளித்துவிட்டு
வீடு திரும்பும்வரை
சுவரில் ஒரு டிவி,
அதில் எட்டு மணிக்கு ஒரு பள்ளிக்கூடம்.

"இப்படி ஒரு வகுப்பு உலகத்திலேயே கிடையாது"
என்று தொடங்குவார் ஃபார்கர்.
முப்பத்தோரு வருஷம் வேதியியல் எடுத்தவர்.
"பாருங்கள், வாத்தியார் தத்துவத்தை முடிக்கிறான்,
முற்றுப்புள்ளி வைக்கிறான்,
அப்புறம் மணி அடிக்கிறது.
என் மணி ஒருநாளும் எனக்காகக் காத்திருந்ததில்லை.
சோடியத்தைத் தண்ணீரில் போட்டால், என்று
எண்பத்தேழில் ஆரம்பித்த வாக்கியம் ஒன்று
இன்னும் அந்தரத்தில் நிற்கிறது."

சென்காவுக்குக் கண் எப்போதும் தட்டில்.
பள்ளிச் சமையற்கட்டில்
பத்தொன்பது வருஷம் கரண்டி பிடித்தவள்.
காதல் முறிந்ததென்று ஒரு பெண்
நிறைந்த தட்டைத் தள்ளிவிட்டுப் போனாள், போன வாரம்.
"பொய். சிப்ஸை மென்றுகொண்டேதான் அழுவார்கள்.
பசிக்கல என்று சொல்கிற பிள்ளை
யாரென்று எனக்குத் தெரியும்.
அதன் அட்டையில் காசு இருக்காது.
அந்தப் பிள்ளையை ஒரு நொடி காட்டினார்களா?"
அப்படிப்பட்ட பிள்ளைக்கு
அவள் என்ன செய்தாள் என்று சொல்லவில்லை.
நாங்களும் கேட்கவில்லை.

என் பங்குக்கு நான் பைகளைச் சொல்வேன்.
மேட்டுத் தெருக்களில் பேருந்து ஓட்டியவள் நான்.
காலை எட்டேகாலின் பாரம் என் பிரேக்குக்குத் தெரியும்.
பைதான் முதலில் ஏறும்,
பிள்ளை அதன் பின்னால் வரும்.
திரும்பினால் எவர் மூக்காவது இடிபடும்.
இவர்கள் பைகளில் காற்றுதான்;
தோளில் தும்பி உட்கார்ந்த மாதிரி.
கதாநாயகனுக்குப் பதினாறு வயதாம்,
தாடையெங்கும் சவரப் பச்சை.

ரூரி மட்டும் பேசமாட்டான்.
நால்வரில் பள்ளிக்கூடம் போகிற வயது
அவனுக்குத்தான்: பதினேழு.
காதில் ஹெட்போன்,
மடியில் புரளாத வரலாற்றுப் புத்தகம்.
அவனிடம் கேட்க எங்களுக்குத் துணிச்சலில்லை.
ஆளுக்கொரு பள்ளிக்கூடத்தை வைத்துக்கொண்டு
மூவரும் மல்லுக்கு நின்றோம்.

இந்தச் செவ்வாய்
கதையில் ஒரு பெண்ணுக்குச்
சிறுநீரகம் போய்விட்டது.

அறை அடங்கியது.
ஃபார்கர் ஊசி இல்லாத கையால்
கண்ணாடியைச் சட்டையில் தேய்த்தார், வெகுநேரம்.
விளம்பரம் வந்தது. சோபா. பூனை உணவு.
விளம்பரம் முடிந்தபோது
அவளுக்கு மாற்றுச் சிறுநீரகம் கிடைத்திருந்தது.

ரூரி சிரித்தான்.
அந்தச் சிரிப்பை இப்போதுதான் முதல்முறை கேட்கிறோம்.
குலுங்கலில் அவன் இயந்திரமே ஒருதரம் கூவியது.
"பூனைக்குச் சோறு வைக்கிற நேரத்தில் ஒரு கிட்னி!"

அவள் வகுப்புக்குத் திரும்பினாள்.
எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள்.
அவன் ஹெட்போனைக் கழற்றினான்.
"நான் திரும்பிப் போனபோது
என் நாற்காலியில் வேறொருவன் இருந்தான்.
கேட்டதும் எழுந்துகொண்டான்.
நல்லவன்தான்.
அவ்வளவுதான் நடந்தது."

அதுதானே, என்று சென்கா வாயெடுத்தாள்.
தீர்ப்பு எங்கள் பக்கம் விழுந்துவிட்ட மாதிரி இருந்தது.

"ஆனால் அந்தப் பனிக்கட்டி" என்றான் அவன்.
"மெல்லாமல் கன்னத்தில் ஒதுக்கி வைத்திருந்தாளே,
பாதி கரைந்ததும் எடுத்து
மீதியை டம்ளரில் திரும்பப் போட்டாளே,
அப்புறத்துக்கு.
அதைச் சும்மா உட்கார்ந்து யோசித்து
யாரும் எழுத முடியாது."

நால்வரும் அதைச் செய்கிறவர்கள்.
ஒருவரிடம் ஒருவர் சொன்னதில்லை.

பெயர்கள் ஓடத் தொடங்கின.
குழாய்கள் விட்ட தூரம்வரை
கழுத்தை நீட்டினோம்.
நிறுத்தச் சொல்ல முடியாத டிவி,
எறும்பளவு எழுத்து.
கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஃபார்கர்
உரக்க வாசித்தார்:
"கதை, வசனம்..."

அதற்குள் வானிலை வந்துவிட்டது.