எண்ணூற்றுத் தொண்ணூற்றொன்பது

"எர்ர நீள்ளு வச்சேசாயி" என்று போலம்மா ஃபோனில் சொன்னாள்.
வைகாசி. பழவேற்காட்டு ஏரியின் ஆந்திரக் கரையில்
கடைசி உப்புப் பாத்தி சிவந்துவிட்டது.
தடாவில் இறங்கி, ஹார்டுவேர் கடையில்
ஒரு மீட்டர் ட்யூப் வாங்கி
சிவப்பை உறிஞ்சி ஏற்றிக்கொண்டு வந்தேன்.
சீட்டில் மாநிலம் என்ற இடத்தில் ஆந்திரா என்று எழுதினேன்;
நேற்று அந்தத் தண்ணீர் எங்கே இருந்ததோ.

வடிகட்டி, குளோரோஃபார்மில் குலுக்கி,
நைட்ரஜன் ஊதி உலர்த்தினால்
குப்பியின் அடியில் மிஞ்சியது
நகத்தால் சுரண்டிய குங்குமம் அளவு.
பல கோடி ஆர்க்கியாக்களின் வெளிச்சுவர்
மொத்தமும் அவ்வளவுதான்.

காரம் போட்டுக் காய்ச்சினேன்.
தேங்காயெண்ணெய் என்றால் இந்நேரம் சோப்பு.
இது நுரைக்கவில்லை.
எஸ்டர் இருக்கவேண்டிய மூட்டில் ஈதர்,
வால் நெடுகக் கிளைகள்.
உச்சிவெயில் உப்புக்குள் குடியிருக்கிறவர்கள்
இளகுகிற தாழ்ப்பாள் வைப்பார்களா?

இரவு பதினொன்று.
நிறைமானியின் ஊசிமுனையில் நாலாயிரம் வோல்ட்.
துளி சிதறி, ஈரம் கழன்று,
மின்னூட்டத்தை மட்டும் உடுத்திக்கொண்டு
மூலக்கூறுகள் வெற்றிடத்தில் பறந்தன.
திரையில் ஒரு கொம்பு எழுந்தது: 391.
கூரையை முட்டும் உயரம்.
யாரும் பார்த்திராத ஒன்று!
ஐந்து நிமிடம்
நாற்காலியில் உட்கார முடியவில்லை எனக்கு.

அப்புறம் நினைவு வந்தது.
ட்யூப்.
பிளாஸ்டிக் வளைவதற்குப் போடுகிற எண்ணெய்.
மீட்டர் நாற்பது ரூபாய்.

மறுபடி போனேன், கண்ணாடிக் குப்பியோடு.
"போன தடவை எடுத்தது போதலையா?"
தலையாட்டினேன், காரணம் சொல்லவில்லை.
போலம்மா முழங்கால் வரை இறங்கி
எவர்சில்வர் செம்பில்
இடக்கையால் மொண்டு ஊற்றினாள்.
ஒரு சொட்டு சிந்தவில்லை.

இந்த முறை எதிர்மின்னில் ஓட்டினேன்.
805.
885.
கொஞ்சம் தள்ளி, யாரையும் முட்டாமல், 899:
இரண்டு பாஸ்பேட், ஒன்றின் தலையில் மெத்தில் குல்லாய்.
அதை மட்டும் பிடித்து உடைத்தேன்.
துண்டுகளைக் கூட்டிப் பார்த்தேன். சரியாக வந்தது.
கணக்கு வந்தபோது
வெளியே செக்போஸ்ட்டில் ஒரு லாரி
எடைமேடை ஏறும் சத்தம்.

ஒன்று மட்டும் இந்த இயந்திரத்துக்குத் தெரியாது.
இவற்றின் கிளிசரால்
நம்முடையதைக் கண்ணாடியில் பார்த்தது போல் திரும்பியிருக்கும்.
எடை ஒன்றேதான்,
கை வேறு.
புத்தகம் சொல்கிறது; நான் பார்க்கவில்லை.
அறிக்கையில் அந்தக் கட்டத்தைக்
காலியாக விட்டேன்.