செவ்வாய்க்கிழமைப் பல்வலி

மணிக்கு நூற்றிருபது யூரோ என்றார்கள்
முதல் கேட்ட இடத்தில்.
சமையலறைப் பின்கதவில் நின்று கணக்குப் பார்த்தேன்:
பதினொரு மணித்தியாலம் தட்டுக் கழுவினால்
ஒரு மணித்தியாலம் அழலாம்.

காப்புறுதி அட்டையைக் காட்டிக் கேட்ட இடத்தில்
காத்திருப்புப் பட்டியல் எட்டு மாதம்.
எட்டு மாதத்தில் ஒரு பிள்ளைக்குப் பல் முளைத்துவிடும்.
எனக்கு எத்தனை போத்தல் என்று
அதையும் பெருக்கப் போனேன்,
பாதியில் விட்டுவிட்டேன்.

மச்சான் சொன்னான், ஹம் அம்மனுக்கு நேர்த்தி வை என்று.
வைத்தேன்.
தேர் முடிந்து திரும்பும்போது
ரயில் நிலையக் கடை திறந்திருந்தது.
பிழை அம்மனில் இல்லை.

கடைசியில் கண்டது உடுப்புத் தோய்க்கும் கடையில்,
நாலாம் நம்பர் மெஷினுக்கு மேல் ஒட்டியிருந்த தாள்.
இலவசம் என்பதற்கு ஜெர்மன் சொல் எனக்குத் தெரியும்,
வந்த புதிதில் படித்த முதல் பத்தில் அதுவும் ஒன்று.
மிச்சத்தை மகளிடம் கேட்டிருக்கலாம்.
பதின்மூன்று வயது.
டொக்டரிடம், வரிக் கந்தோரில், வீட்டுக்காரனிடம்
என் வாய் அவள்தான்.
இந்த ஒன்றுக்கு அவள் வாய் வேண்டாம் என்று
தாளைக் கிழித்து மடித்தேன்.

வுப்பர்டால், பார்மன்.
காதுக் கருவி விற்கும் கடைக்கு மேலே
இரண்டாம் மாடி.
தொங்கு ரயில் அந்த யன்னலுக்கு நேரே போகும்.
மூன்று செவ்வாய் ரயிலுக்குள் இருந்தபடியே பார்த்தேன்:
ஒரு கள்ளிச்செடி, ஒரு கேத்தல்,
முதுகு காட்டி இருக்கும் யாரோ ஒரு ஆள்.
நாலாம் செவ்வாய் இறங்கினேன்.
துணிவு வந்து அல்ல, மூத்திரம் முட்டி.

லிண்டெமான் அம்மா கை தந்தாள்.
எவ்வளவு என்றேன்.
ஒன்றுமில்லை என்றாள்.
ஒன்றுமில்லாததற்கு ஒருத்தி ஏன்
இவ்வளவு கவனமாகத் தண்ணீர் வார்க்கிறாள்?
என் பேர் விசாக் கந்தோருக்குப் போகுமா?
போகாது.
முதலாளிக்கு?
போகாது.
கோயில் நிர்வாக சபைக்கு என்று கேட்க நினைத்து
தண்ணீரைக் குடித்தேன்.

மொழிபெயர்க்க ஒரு பெண், ஃபோனில்,
வேறு ஏதோ நகரத்திலிருந்து.
பேர் சொல்லக் கூடாதாம்.
குரல் வடமராட்சி.
யாருடைய தங்கையோ, யாருடைய மருமகளோ,
எனக்கு வயிறு கலங்கியது.

எவ்வளவு குடிக்கிறீர்கள், கேள்வி வந்தது.
கொஞ்சம் என்றேன்.
ஃபோன் பேசாமல் கிடந்தது.
பிறகு, ஜெர்மன் பக்கம் போகாமல்
எனக்கு மட்டும், தாழ்ந்த குரலில்:
"கொஞ்சமெண்டா எவ்வளவு, அண்ணை?"

அந்த அண்ணையை நான் எதிர்பார்க்கவில்லை.
பதினாறு வருஷம் ஒருவரும் அளந்து பார்க்காத கொஞ்சம் அது.
சொல்லத் தொடங்கினேன்.
விடிய வேலைக்கு முன்னம் ஒன்று,
ஷம்பூப் போத்தலில் ஊற்றி ஒளித்தது,
தம்பியின் உடல்கூடக் கிடைக்காத அந்த வைகாசி,
எல்லாம் ஒரே மூச்சில்.
நடுவில் அவள் வீட்டுக் குக்கர் விசிலடித்தது.
லிண்டெமான் அம்மா திடுக்கிட்டு யன்னலைப் பார்த்தாள்,
ரயில் என்று நினைத்தாளாக்கும்.
"மன்னிக்கோணும், பருப்பு" என்றது ஃபோன்.
சிரித்தேன்.
சிரித்தபடியே கடுதாசிப் பெட்டியைக்
கிட்ட இழுத்தேன்.

அன்றிரவும் குடித்தேன், அதையும் எழுதத்தான் வேண்டும்.
அடுத்த செவ்வாயும் போனேன்.

முதலாளி சல்வத்தோரேயிடம் பல்வலி என்று சொல்லித்தான்
நேரம் எடுக்கிறேன்.
மார்கழியில் தொடங்கிய வலி,
இப்போது சித்திரை.
நேற்று என் தாடையைப் பிடித்து
விளக்கடியில் திருப்பிப் பார்த்தான்.
இன்னும் எத்தனை பல் மிச்சம், குகா?
நிறைய, என்றேன்.