தொரப்பாடி வளைவுக்கு முன்

இருக்கை இரண்டுதான்.
குடை வைக்கக்கூட இடமில்லை.
ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனி மூடியபோது
முதலாளியின் மகன் தள்ளிவிட்ட வண்டி.
அப்போதே அதற்குப் பதினாறு வயது.
சிவப்பு என்கிறது ஆர்.சி. புத்தகம்;
வேலூர் வெயில் அதைக்
கொய்யாப்பழத்தின் உள்நிறத்துக்குக் கொண்டுவந்துவிட்டது.

ஒரு வருஷமாக முன்சக்கரங்கள் முனகின.
பாலாற்றுப் பாலத்தின் இணைப்புகளை
என் முதுகெலும்பு ஒவ்வொன்றாக எண்ணியது.
வேகத்தடை தாண்டிய பின்னும்
ஆமாம் ஆமாம் ஆமாம் என்று
தலையாட்டிக்கொண்டே போகும்.
பின்னால் வரும் ஷேர் ஆட்டோவில் சிரிப்பார்கள்.

ஜப்பானிலிருந்து நாலு ஷாக் அப்சார்பர்,
சுங்கக் கிடங்கில் பதினேழு நாள் உட்கார்ந்துவிட்டு
ஹெப்சிபாவிடம் சொல்ல முடியாத விலையோடு வந்து சேர்ந்தன.
சொன்னேன்,
பாதியை.

சத்துவாச்சாரி. மே மாதத்து ஞாயிறு. காலை ஐந்தரை.
ஒன்பதுக்குள் முடியாவிட்டால்
ஸ்பானரைத் துணி சுற்றித்தான் பிடிக்க வேண்டும்.
ஜாக்கி, நாலு தாங்கிகள், கீழே நான்.
ஒரே ஒரு போல்ட் வர மறுத்தது.
டீசல் ஊற்றினேன். சுத்தியலால் தட்டினேன்.
கைப்பிடியில் நீளக் குழாயைச் செருகித் தொங்கினேன்.
அலறிக்கொண்டு அது கழன்றபோது
எதிர்வீட்டில் ஒரு ஜன்னல் மூடியது.

ஸ்பிரிங்கை நெருக்க மட்டும்
கோணவட்டத்திலிருந்து அத்தாவுல்லா வந்தார்.
"மூஞ்சியத் தள்ளி வெச்சிக்க சார்.
இது எகிறிச்சின்னா
கூரையத் தொளச்சிகினு காட்பாடி போய்டும்."
பயத்தில் இருவரும் மூச்சைப் பிடித்திருந்தோம்.
டீ குடித்தார். அடுத்த மூன்றையும் திருகிவிட்டுப் போனார்.

கழற்றிய பழசை நிறுத்தி அமுக்கிப் பார்த்தேன்.
உள்ளே போனது.
அங்கேயே இருந்துவிட்டது,
எழ மறந்த தோப்புக்கரணம்.
புதுசை அமுக்கினேன்:
பதறாமல், என் உள்ளங்கையை
மெதுவாகத் தள்ளிக்கொண்டு வந்தது,
தேர்க்கூட்டத்தில் வழி கேட்பவர் மாதிரி.

எல்லாம் மாட்டி, இறுக்கி, இறக்கி,
தெருமுனை வரை ஓட்டினால்
திருப்பத்தில் ரப்பர் கீச்சென்றது.
அந்தரத்தில் வைத்து இறுக்கியது என் தப்பு.
சக்கரம் தொங்கும்போது பூட்டிய புஷ்
தரையில் நிற்கும் நாளெல்லாம்
முறுக்கிக்கொண்டே நிற்கும்.
மறுபடி தளர்த்தினேன்.
வண்டி மண்ணுக்கு வந்து
தன் கனத்தைத் தானே ஏற்று அமர்ந்த பிறகு,
ஒரு சாண் சந்தில் பல்லியாய் ஒட்டிப் புகுந்து
கடைசிக் கால் சுற்று.
மணி பன்னிரண்டரை.
முழங்கைத் தோல் சிமெண்டில் இருந்தது.

சாயங்காலம் பாகாயத்தில் அவளுக்கு நைட் டியூட்டி.
மடியில் சாம்பார் டப்பா, அதன்மேல் இரண்டு கைகளும்,
பழைய பழக்கம்.
ஆரணி ரோட்டில் வண்டி ஒன்றும் சொல்லவில்லை.
அது பேசாததால்
கண்ணாடிக்குள் ஒரு திருகு ஆடுவது கேட்டது,
அவள் வளையல் கேட்டது.

தொரப்பாடி ஜெயில் தாண்டி, வளைவுக்கு முன்,
"ஏன் பிரேக் போட்டே?"
"பள்ளம்."
"அதுக்குத்தானே இவ்ளோ செலவு?"
பள்ளம் அங்கேதான் இருந்தது.
வண்டி அதை மறக்கத் தயாராக இருந்தது;
என் வலது கால்தான் ஒப்பவில்லை.

"திருப்பு. டியூட்டிக்கு இன்னும் இருபது நிமிஷம் இருக்கு."

திரும்பி வந்து, நாற்பதில், நேராக விட்டேன்.
சக்கரம் இறங்கியது, ஏறியது, முடிந்தது.
ஒரே ஒரு ஆமாம்.
அவள் டப்பாவைத் திறந்து பார்த்தாள்.
மூடியில் ஒரு சொட்டுகூட இல்லை.
கையை எடுத்து ஜன்னலில் வைத்துக்கொண்டாள்.

கொஞ்ச தூரம் போனதும், சாலையைப் பார்த்தபடி,
"மிச்சப் பாதி எவ்வளவு?"

மேடுமில்லை, பள்ளமுமில்லை.
என் கால்
பிரேக்கைத் தேடியது.